வெதுவெதுப்பு

"மாமா எப்படிக்கா இருக்காரு?" ஆலைக்குள் நுழைந்ததுமே தம்பி கேட்டான். விற்பனை அவன் பொறுப்பு. தயாரிப்பு அக்காவின் பொறுப்பு.

"நேத்து வயித்து ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. அதை விடு, இதைப் பாரு!"

நுரை பொங்கும் தொட்டியைத் தட்டிக் காட்டினாள். உள்ளே பாக்டீரியா சர்க்கரையைத் தின்று, மட்கும் பிளாஸ்டிக்கைத் தன் உடம்பில் சேர்த்துக்கொண்டிருந்தது.

"முன்னெல்லாம் கரைய மாசக்கணக்காகும். தீனியை மாத்தினேன். இப்ப வெதுவெதுப்பான ஈரம் பட்டா ஒரே நாள்ல கரைஞ்சிடுது!"

தம்பியின் முகம் வெளிறியது. "எப்ப மாத்தினே?"

"போன மாசமே. சொன்னா குறுக்கே நிப்பேன்னுதான் சொல்லல. குப்பைப் பைக்கு நல்லதுதானேடா?"

"பைக்கு மட்டுமில்லக்கா. ஆபரேஷன் தையல் நூல் செய்யறவங்களும் நம்மகிட்டதான் வாங்குறாங்க. உள்ள தைக்கிற நூல்..."

"எந்த ஆஸ்பத்திரிக்குடா போகுது?"

அவன் தலை குனிந்தான். "மாமாவுக்கு அதையே போடச் சொன்னேன். நீ செஞ்சதாச்சேன்னு."

அவள் கைப்பேசி அடித்தது. கணவர்.

"பயப்படாதே, வலியெல்லாம் இல்ல. வயித்துக்குள்ள மட்டும் ஏதோ வெதுவெதுன்னு பரவுது."