நேரான சொல்

சீருடையில் வந்த இருவரையும் அவள் கூடத்தில் உட்காரச் சொன்னாள்.

மூத்தவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். இளையவர் நாற்காலி நுனியில் தொற்றிக்கொண்டிருந்தார்.

அவள் சமூகவியல் பேராசிரியை. போரில் இறந்தவர்களின் வீட்டுக்குச் செய்தி கொண்டுபோகிறவர்களைப் பல நாடுகளில் தேடிப்பிடித்துப் பேசியிருக்கிறாள். ஓரிடத்தில் நின்றுகொண்டே சொல்கிறார்கள். இன்னோரிடத்தில் மதகுருவும் கூட வருகிறார். வெறும் தொலைபேசியோடு வேலையை முடித்துக்கொள்கிற நாடும் உண்டு.

"வீட்டுல வேற யாராவது இருக்காங்களா மேடம்?" என்றார் மூத்தவர்.

போன இடத்திலெல்லாம் அவள் கேள்விப்பட்ட கேள்விதான். கணவர் கடைக்குப் போயிருப்பதாகச் சொன்னாள்.

மூத்தவர் தொண்டையைச் செருமினார். சுற்றி வளைக்கவில்லை.

"உங்க பொண்ணு இன்னிக்குக் காலையில எல்லையில நடந்த சண்டையில இறந்துட்டாங்க."

இறந்துட்டாங்க.

தவறிட்டாங்க, போயிட்டாங்க என்றெல்லாம் மழுப்பினால் கேட்பவர் மனதில் ஒரு நப்பாசை ஒட்டிக்கொள்ளும், நேரான சொல்லையே சொல்லுங்கள் என்று இராணுவத்துக்கு எழுதிக் கொடுத்ததே அவள்தான். இவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

சரியாகத்தான் சொன்னார் என்று நினைத்தாள். அதற்குமேல் எதுவும் நினைக்க வரவில்லை.

இளையவரின் கண் கலங்கியிருந்தது. தண்ணீர் வேண்டுமா என்று அவரைக் கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

கணவர் வரும்வரை இருந்து தாங்களே சொல்லிவிடுவதாக மூத்தவர் சொன்னார். வேண்டாம், நானே சொல்கிறேன் என்றாள்.

ஒரே ஒரு சொல். மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். உதடு யாருடையதோ போலக் கிடந்தது.

வாசல் கதவு திறந்தது. இரண்டு கையிலும் பையோடு கணவர் உள்ளே வந்தார்.

சீருடைகளைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. பல்கலைக்கழகத்தில் வாய் திறக்காத இராணுவத்தினரை அவள் வீட்டுக்கே வரவழைத்துப் பேசவைப்பாள். வருகிறவர்களிடம் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் அவர் விட்டதே இல்லை.

"ஓ, பேட்டியா? நடக்கட்டும், நடக்கட்டும்" என்றபடி பைகளை இறக்கி வைத்துவிட்டு, இளையவரைப் பார்த்துச் சிரித்தார்.

"எங்க பொண்ணும் ராணுவத்துலதான் தம்பி இருக்கா. இவ சொன்னாளா?"