அரண்மனைக்குத் தைத்த கோட்டு

பிரிஞ்சாங் டவுன் டெய்லர் தைத்துக் கொடுத்த கறுப்புக் கோட்டு சின்னையாவுக்கு அக்குளில் இறுக்கியது.

ஆபீஸ் கதவைச் சாத்திவிட்டு, எஸ்டேட் கணக்கு வழக்கைப் பார்க்கும் பெரிய கிராணி ராதாகிருஷ்ணன் தன் கையாலேயே பித்தான்களைப் போட்டுவிட்டார். போன மாதம்வரை "டேய்" என்று கூப்பிட்டவர்.

அந்த மரியாதைதான் சின்னையாவுக்குப் பயமாக இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே பனி இறங்கி, தேயிலைச் செடிகள் ஒவ்வொரு வரிசையாக மறைந்துகொண்டிருந்தன.

போன மாதம், கொழுந்து பறிக்கிற பெண்களை ஏற்றிவந்த எஸ்டேட் லோரி வளைவில் பள்ளத்துக்குள் விழுந்து தீப்பிடித்தது. உள்ளே புகுந்து அத்தனை பெண்களையும் இழுத்துப் போட்டவர் சின்னையா. ஓட்டியவனை மட்டும் எடுக்க முடியவில்லை. அவன் கூப்பிட்ட குரல் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

அதற்குத்தான் அரசாங்கம் சுல்தானின் அரண்மனையில் பதக்கம் கொடுக்கிறது. எந்தக் கங்காணிக்கும் கிராணிக்கும் கிடைக்காத பதக்கம். எஸ்டேட் துரையே சிபாரிசு செய்திருந்தார். தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்தில் எல்லாரும் அதே பேச்சாக இருந்தார்கள்.

"அரண்மனையில குனிஞ்சு வாங்கிக்கணும். வாயத் தொறக்கக்கூடாது," என்றார் கிராணி.

சின்னையா குனிந்து காட்டினார்.

"லோரி விழுந்தத விசாரிக்க நாளைக்கு ஆளுங்க வராங்க. பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு, ஓட்டினவன் குடிச்சிருந்தான்னு சொல்லிடுங்க. பதக்கம் வாங்கப்போற ஆளு சொன்னா எவன் மறுப்பான்?"

விபத்துக்கு முன்பே, பிரேக் பிடிக்கவில்லை என்று ஓட்டியவன் இதே அறையில் கெஞ்சியதைச் சின்னையா வாசலில் நின்று கேட்டிருக்கிறார்.

"முடியாதுன்னா, ஐயா?"

கிராணி கோட்டுக் காலரை நீவிவிட்டார். லயத்துப் பக்கம் பார்த்தார்.

"அவன் பொண்டாட்டியும் புள்ளைங்களும் இன்னும் எஸ்டேட் வீட்டுலதானே இருக்காங்க."

அவன் பெயரைக் கிராணி ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

சின்னையா பித்தான்களைக் கழற்றினார். கோட்டை மேசைமேல் வைத்தார். கதவுவரை போய்த் திரும்பினார்.

"எம் மவன் குடிக்கமாட்டான், ஐயா. நாளைக்கு அதத்தான் சொல்லுவேன்."

கிராணி கோபப்படவில்லை. கோட்டை எடுத்து நிதானமாக மடித்தார்.

"குடிக்கமாட்டான்னு எங்களுக்கும் தெரியும். ஆனா குடிச்சான்னு பெத்த அப்பன் வாயால வந்தா யாரும் சந்தேகப்படமாட்டாங்கன்னுதான் துரை பதக்கத்துக்கு உங்க பேரையே எழுதுனாரு."