கணக்குக்கு முன்னால் ஒரு கேள்வி

“கணக்கெல்லாம் பிறகு பாக்கலாம்மா. முதல்ல இதைச் சொல்லுங்க. கரண்ட் வியாபாரத்துல உங்க வீட்டு ஆளு யாராவது உண்டா?”

மைக்கைப் பிடித்திருந்த சுஜா, புரட்டப் போன முதல் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

கேட்டவர் தாணுமாலையன். அணுமின் துறையில் தலை நரைத்து ரிட்டயர் ஆனவர். இன்றைய கூட்டத்துக்குத் தலைமையும் அவர்தான். திருவனந்தபுரத்திலுள்ள அந்த மின்சார ஆராய்ச்சி மையத்தில், அவர் மாடிப்படி ஏறி வந்தால் சின்னவர்கள் வேறு வழியாக இறங்கிப் போவார்கள்.

பேச வருகிறவர், தன் குடும்பத்துக்கு இதில் ஆதாயம் ஏதாவது உண்டா என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அப்படி ஒரு வழக்கம் அங்கே உண்டு. உண்டு என்றால், ஆபீஸ் சுவரில் காந்தி படம் உண்டே, அந்த மாதிரி. யாரும் சொல்வதில்லை, யாரும் கேட்பதுமில்லை. காலையிலிருந்து பேசிய ஒருத்தரிடமும் கேட்காத கேள்வி, சுஜாவிடம் மட்டும்.

ஏன் என்று ஹாலில் இருந்த எல்லோரும் ஊகித்துக்கொண்டார்கள். அணு உலை கட்டினால் கரண்ட் மலிவு என்பதை அவள் அறிக்கை மறுக்கிறது. உலை கட்டி முடிக்க வருஷக்கணக்கில் இழுக்கும், அத்தனை நாள் வட்டியும் கடைசியில் நம் கரண்ட் பில்லில்தான் வந்து விழும், அதற்கு சோலாரே தேவலை என்கிறது. கிழவருக்குச் சுடாதா என்ன?

முன் வரிசையில் அரசாங்கக் கமிட்டிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு அறிக்கைகளில் ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டு போவார்கள். ஒன்று சுஜாவுடையது, மூன்று வருஷ உழைப்பு. மற்றது அவளுடைய ஹெட் வெங்கடேஸ்வரன் சாருடையது. அணு உலைதான் மலிவு என்று அதில் இருக்கிறது.

அப்படியிருந்தும் மனுஷர் தங்கம். நேற்று சாயங்காலம் அவளே போய் அவரிடம் கேட்டாள்.

“சார், எங்க அண்ணன் நெய்யாற்றின்கரையில சோலார் பேனல் கடை வச்சிருக்கான். அதை மேடையில சொல்லணுமா?”

“எதுக்கு குட்டி? அண்ணா கடைக்கும் உன் கணக்குக்கும் என்ன சம்மந்தம்? யார் கேக்கப் போறா? ஒண்ணும் சொல்லண்டாம். என்னோடது போகாட்டா போறது, உன்னோடது ஜெயிக்கணும், கேட்டயா?”

இப்போது அவள் அவரைப் பார்த்தாள். அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா, உண்டா, இல்லையா?” என்றார் தாணுமாலையன்.

“உண்டு சார். எங்க அண்ணன்... சோலார் பேனல் கடை வச்சிருக்கான்.”

பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சுஜாவுக்கு முகமெல்லாம் எரிந்தது.

“அவரு சொன்ன விலை ஏதாவது உங்க கணக்குல இருக்கா?”

“இல்ல சார். எல்லாம் டெண்டர்ல வந்த விலை. யார் வேணாலும் எடுத்துப் பாக்கலாம்.”

“ம். மேல சொல்லுங்க.”

அறிக்கையைச் சொல்லி முடித்தாள். கமிட்டிக்காரர்கள் வட்டிக் கணக்கைத்தான் குடைந்து குடைந்து கேட்டார்கள். அண்ணன் பேச்சை யாரும் எடுக்கவில்லை. டீ வருவதற்குள் முடிவும் வந்துவிட்டது. அவள் அறிக்கைதான் போகிறது.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். அவளுக்கோ மனசு ஆறவில்லை. இத்தனை பேர் நடுவில் நிறுத்தி மானத்தை வாங்கிவிட்டாரே பாவி என்று பொருமிக்கொண்டே இருந்தாள்.

“அவருக்கெல்லாம் சின்னவா மேல வரது பிடிக்காது. மனசுல வச்சுக்காதே குட்டி” என்று வெங்கடேஸ்வரன் சார் அவள் கையில் டீயைக் கொடுத்துத் தேற்றினார்.

வாசலில் ஆட்டோவுக்கு நின்றபோது, டிவி நிருபர் அனில் கேமராவைப் பையில் திணித்துக்கொண்டிருந்தான்.

“இன்னைக்கு என் பொழைப்பைக் கெடுத்திட்டீங்களே மேடம்” என்றான்.

“நானா?”

“பின்னே? நீங்க பேசி முடிச்சதும் எழும்பி, ‘அண்ணன் சோலார் கடை வச்சிருக்கதை ஏன் மறைச்சீங்க’ன்னு ஒரு கேள்வி. அதுக்குத்தான் இதைத் தூக்கிட்டு வந்தேன். முதல்லயே நீங்க சொல்லிட்டீங்க. இனி அதுல நியூஸ் எங்கே இருக்கு?”

சுஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கமிட்டிக்கு முன்னால் இவன் மட்டும் அப்படிக் கேட்டிருந்தால், மூன்று வருஷ உழைப்பும் குப்பைக்கூடைக்குத்தான் போயிருக்கும்.

“உங்ககிட்ட சொன்னது தாணுமாலையன் சார்தானே?”

“அவரா? நல்ல ஆளைச் சொன்னீங்க. நீங்க மேடை ஏறும்போது, ‘என்னடே, கேமராவெல்லாம்’னு விசாரிச்சாரு. அணுமின் ஆளுதானே, கேட்டா சந்தோஷப்படுவாருன்னு நான்தான் உளறிட்டேன். ‘எனக்கும் அந்தப் பிள்ளைக்கும் ஒத்துவராது. ஆனா அவ தோத்தா கணக்குல தோக்கட்டும்டே’ன்னுட்டு விறுவிறுன்னு போயி உங்களைக் கேட்டுட்டாரு.”

“அப்ப உங்களுக்கு யாரு சொன்னா?”

“அது மட்டும் சொல்லமாட்டேன் மேடம். அப்புறம் எனக்கு யாரு நியூஸ் தருவா?”

அவன் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். சுஜா ஒவ்வொருத்தராக நினைத்துப் பார்த்தாள். அண்ணன் கடையைப் பற்றி இன்று மேடை ஏறும்வரை அந்த மையத்தில் அவள் வாயைத் திறந்தது ஒரே ஒருத்தரிடம்தான்.

பக்கத்தில் கார் ஒன்று வந்து நின்று, கண்ணாடி இறங்கியது.

“இன்னும் ஆட்டோ வரலையா குட்டி? ஏறிக்கோ, உன்னை ஆத்துல கொண்டு விட்டுட்டுப் போறேன்” என்றார் வெங்கடேஸ்வரன் சார்.