சிவப்புச் சொட்டு

"சொல்லுடா. இது அவர் கைவரிசைதானே?"

அவசரம் இதைக் கேட்பது நாலாவது தடவை. பிக்கப்புக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக்கின் இரண்டு கால்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. 

அவசரம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி எந்நேரமும் பறப்பதால் ஊரார் வைத்தது. அதுவே நிலைத்துவிட்டது. இன்றைக்கும் காலையில் பிள்ளைகள் இரண்டையும் ஸ்கூலில் இறக்கிவிட்ட கையோடு நேரே இந்த ஷெட்டுக்கு வந்து நிற்கிறான்.

'அவர்' என்றது தங்கை வீட்டுக்காரரை. கம்பெனியை மூடி அவருக்கு வேலை போனதும், "மத்தியானத்துக்கு மேல வண்டி சும்மாதானே நிக்குது, அவர் ஓட்டட்டுமே அண்ணா" என்று தங்கை வந்து நின்றாள். தட்ட முடியவில்லை. மூன்று மாதமாக அந்த வீட்டில் உலை கொதிப்பது இந்த வண்டியால்தான். இப்போது பத்து நாளாக வண்டி நிற்கிற இடத்திலெல்லாம் சிவப்புச் சொட்டு.

"பதினஞ்சு வருஷம் என் கையில ஓடின வண்டி. ஒரு சொட்டு சிந்தினதில்ல. அவர் தொட்டார், ஒழுகுது. இதுக்கு மேல என்ன பார்க்கணும்?"

மெக்கானிக் வெளியே வந்தான். ஒரே பெஞ்சில் படித்தவன், அதனால் மரியாதையெல்லாம் கிடையாது.

"ஸ்டியரிங் ஆயில்தான். எங்கேருந்து வருதுன்னு பார்க்கணும். பொறு."

"பொறுக்கிறதுக்கு நேரமில்லடா. பன்னெண்டு மணிக்கு அவரை இங்க வரச் சொல்லியிருக்கேன். அவர்கிட்ட இருக்கிற சாவியைத் திருப்பி வாங்கப் போறேன். நீ ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும். தங்கச்சி கேட்டா, மெக்கானிக்கே சொல்லிட்டான்னுடுவேன்."

"தீர்ப்பை எழுதிட்டு சாட்சிக்கு ஆள் தேடுறே."

மெக்கானிக் பானெட்டைத் திறந்து ஸ்டியரிங் பம்ப், குழாய், இணைப்பு எல்லாவற்றையும் துணியால் துடைத்தான். சாவகாசமாக அலமாரிக்குப் போய், குழந்தைக்குப் போடுகிற பவுடர் டப்பாவை எடுத்துவந்து குழாய்கள்மேல் தூவினான்.

"ஒழுகுற வண்டிக்கு மேக்கப் போடுறியாடா?"

"எல்லா இடமும் நனைஞ்சு கிடந்தா எது ஓட்டை, எது வழிஞ்சதுன்னு தெரியாது. இப்போ பவுடர் எங்க முதல்ல நனையுதோ, அங்கதான் கோளாறு. ஆமா, ஸ்டியரிங் ஆயில் டப்பா முட்ட முட்ட நிறைஞ்சிருக்கே, நீ ஊத்துனியா?"

"நான் எதுக்கு ஊத்தணும்? அதோட மூடியைக்கூடத் தொட்டதில்ல. மணி பதினொன்னே முக்கால். சீக்கிரம்."

"ஏறி ஸ்டார்ட் பண்ணு. எப்பவும் ஓட்டுற மாதிரியே ரெண்டு பக்கமும் திருப்பு."

அவசரம் ஏறினான். ஒரே மூச்சில் ஸ்டியரிங்கைக் கடைசிவரை திருப்பி, அது முட்டின பிறகும் விடாமல் அழுத்திப் பிடித்தான். பானெட்டுக்குள்ளிருந்து பம்ப் கத்திற்று.

"விடு, விடு. முட்டின பிறகு எதுக்கு அழுத்துறே?"

"அப்போதான் வண்டி சட்டுனு திரும்பும்."

"எத்தனை வருஷமா இப்படி?"

"வாங்கின நாள்லேருந்து."

மெக்கானிக் அவனை இறங்கி வந்து பார்க்கச் சொன்னான். பம்ப்பிலிருந்து போகிற குழாயின் கழுத்தில், வெள்ளைப் பவுடரின் நடுவே சிவப்பாக ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது.

"முட்டின பிறகும் அழுத்தினா, பம்ப் தன் மொத்த பலத்தையும் இந்தக் குழாய்மேலதான் காட்டும். வருஷக் கணக்கா வாங்கி வாங்கி இப்போ வாயைப் பிளந்திருக்கு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

அவசரத்துக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் மனசு ஒத்துக்கொள்ள வேண்டுமே.

"அவரும் இப்படியே திருப்பியிருக்கலாம் இல்லையா?"

"இருக்கலாம். ஆனா இது ஒழுகுற ஒழுக்குக்கு ரெண்டு நாள்ல டப்பா காலியாகணும். ஸ்டியரிங் கல்லு மாதிரி இறுகிப்போகும். வளைவுல திருப்புனா திரும்பாது. இன்னிக்குக் காலையில எப்படி இருந்துச்சு?"

"வெண்ணெய் மாதிரி இருந்துச்சு."

"அப்போ தினமும் யாரோ நிரப்பிட்டு வர்றாங்க."

அதற்குள் வாசலில் மாப்பிள்ளை வந்துவிட்டார். வெயிலில் நடந்தே வந்த முகம். எதற்குக் கூப்பிட்டான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வந்ததும் சாவியை நீட்டினார்.

அதை வாங்க அவசரத்துக்குக் கை வரவில்லை.

"மாப்பிள்ளை, ஆயில் ஊத்தினது நீங்களா?"

"ஆமா மச்சான். தினமும் வண்டியைக் கொண்டுவந்து விடும்போது ஊத்திட்டுத்தான் போவேன்."

"ஒழுகுதுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"மூணு தடவை வந்தேன். மூணு தடவையும், 'அவசரமாப் போறேன், அப்புறம் பேசலாம்'னுட்டீங்க."

மெக்கானிக் சிரிப்பை மறைக்கக் குனிந்துகொண்டான். "புதுக் குழாய் வர நாலு நாள் ஆகும்" என்றான், பானெட்டை மூடியபடியே.

மாப்பிள்ளை சாவியை பானெட்மேல் வைத்தார். தோள்பையிலிருந்து பாதி தீர்ந்த ஆயில் பாட்டிலை எடுத்து அதன் பக்கத்திலேயே வைத்தார்.

"அதுவரைக்கும் தினமும் மறக்காம ஊத்திடுங்க மச்சான். காலையில பிள்ளைங்களை ஏத்திக்கிட்டுத்தானே பறக்குறீங்க."