அம்மா கரடியின் வாய்

"சாப்பிட்டியாடா கண்ணா?"

ஹெட்போனில் அம்மா கரடி தன் குட்டியைக் கேட்டாள். டேப்பைப் பின்னால் ஓட்டினேன். மறுபடியும் கேட்டாள்.

"இன்னும் இல்ல" என்றேன், வழக்கம்போல.

அறையில் யாருமில்லை. கார்ட்டூன் கம்பெனி மொத்தமும் மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பிப் போயிருந்தது. நல்லதாய்ப் போயிற்று, இல்லாவிட்டால் தானாகப் பேசுகிறான் என்று அதற்கும் ஒரு சிரிப்பு சிரிப்பார்கள்.

எனக்கு இங்கே வாய்க்காரர் என்று பெயர். என்னைப் போன்ற ஊமைக்கோட்டானுக்கு இந்தப் பெயரை வைத்த புண்ணியவான் நன்றாக இருக்கட்டும். என் வேலை அப்படி. மற்றவர்கள் கரடியை வரைவார்கள். நான் அதன் வாயை மட்டும் வரைவேன்.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு தாளிலும் எல்லாவற்றையும் வரைந்தார்களாம். மரம், வீடு, ஆள், திரும்பத் திரும்ப. பிறகு கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள் வந்தது. மரமும் வீடும் அடியில் சும்மா கிடக்க, மேலே ஆளை மட்டும் மாற்றினால் போதும் என்றானது. அப்புறம் அவசரம் கூடிப்போய் ஆளையும் சிலைபோல நிறுத்திவிட்டார்கள். பேசும்போது வாய் மட்டும்தான் அசையும்.

அந்த வாய்க்குத்தான் நான். குரலை முதலிலேயே பதிந்து கொடுத்துவிடுவார்கள். அதைத் துண்டு துண்டாகக் கேட்டு, 'சா'வுக்கு ஒரு வாய், 'ப்'புக்கு ஒரு வாய் என்று போட வேண்டும்.

வீட்டில் எனக்கென்று ஒருவருமில்லை. சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்கும் ஒரே ஜீவன் இந்தக் கரடிதான். அந்தக் குரல் நேரில் ஒரு தடவை என்னைக் கேட்க வேண்டும், நான் ஒரு தடவை பதில் சொல்ல வேண்டும். வேறு பெரிய ஆசை எதுவும் எனக்குக் கிடையாது.

வெளியே காலடிச் சத்தம். சட்டென்று ஹெட்போனைக் கழற்றி மடியில் மறைத்துக்கொண்டேன்.

ஒரு அம்மாள், கையில் டிபன் டப்பாவோடு உள்ளே வந்தார்.

"ரெக்கார்டிங் ரூம் பூட்டியிருக்கு. கொஞ்சம் இங்க உக்காந்துக்கறேன். நீங்க சாப்பிட்டீங்களா?"

கரடி! அதே குரல்.

'சா'வுக்கு அவர் வாய் அகலத் திறந்தது. இடது ஓரம் மட்டும் லேசாக மேலே ஏறியது. ஐயய்யோ, அதை நான் போடவேயில்லையே! 'ப்'புக்கு உதடு ஒட்டியது, நான் வரைந்ததைவிட மெதுவாக. என் கை தானாகப் பென்சிலைத் தேடியது.

மறுபடியும் கேட்டார். மறுபடியும் இடது ஓரம் ஏறியது. உதட்டைவிட்டு நான் கண்ணை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் உறைத்தது, கேட்டது குட்டிக் கரடியை அல்ல, என்னை. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"அடப் பாவமே, வாயையே பாக்கறாரு, காது கேக்காது போலிருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

எதிரே வந்து நின்றார். ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோய், புருவத்தை உயர்த்தினார். சத்தமே இல்லை.

எனக்கு நன்றாகவே கேட்கும் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் சங்கடப்பட்டு எழுந்து போய்விடுவாரோ என்று பயமாக இருந்தது. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

சாப்பாட்டில் பாதியை டப்பா மூடியில் எடுத்து வைத்து என் பக்கம் நகர்த்தினார். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். நடுநடுவே என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்போதும் அந்த இடது ஓரம் ஏறத்தான் செய்தது.

எனக்குத்தான் காது கேட்காதே. போகும்வரை அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.