பார்த்துக்கொள்பவர்

"மொதல்ல கதவத் தாப்பா போடும்மா. கண்ணு அசந்தா ஓடிடுவான். எதுக்கவே பைபாஸ் ரோடு" என்றாள் பாஞ்சாலி.

ஜெசிந்தா தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். தனியே விட முடியாதவர்களை வீட்டில் யார், எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று விழுப்புரத்துக் கல்லூரி ஒன்று ஆய்வு செய்கிறது. அதற்காகத்தான் விக்கிரவாண்டிக்கு வந்திருந்தாள். ரகசியம் காக்கிறோம் என்று சொல்லிப் பட்டியலிலிருந்து பெயர்களை நீக்கிவிட்டார்கள். வீட்டு எண் மட்டும்தான் இருந்தது. பன்னிரண்டு மணிக்குள் முடித்துவிட்டுத் திண்டிவனம் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். அங்கே இன்னும் இரண்டு வீடு பாக்கி.

பாஞ்சாலிக்கு அறுபத்தைந்து இருக்கும். மெலிந்த உடம்பு. மகன் மணிமாறனுக்கு நாற்பதை ஒட்டிய வயது. தாடியும் கலைந்த தலையுமாக, அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி ஒட்டி உட்கார்ந்திருந்தான்.

"யாரும்மா பாத்துக்கறது?"

"நான்தான். வேற யாரு இருக்கா?"

ஜெசிந்தா மளமளவென்று எழுதினாள். பார்த்துக்கொள்பவர்: பாஞ்சாலி. பராமரிப்பு தேவைப்படுபவர்: மணிமாறன்.

"குளிக்கிறதெல்லாம்?"

"ஊத்தி உடணும். தண்ணின்னா பயம், அழுவான். ராத்திரி நாலு வாட்டி எழுந்துக்குவான். கூடவே நானும் எழுந்துக்கணும்."

"எப்பவாவது தப்பிப் போயிருக்காரா?"

"போன ஐப்பசியில. டோல்கேட்டாண்ட லாரிங்களுக்கு நடுவுல போயி நின்னுக்கினு இருந்தான். அன்னியிலேர்ந்து தனியா உடறதில்ல. செஞ்சிக்கினு இருந்த ஓட்டல் வேலையும் போச்சு."

வெளியே ஏதோ லாரி ஹாரன் அடித்தது. பாஞ்சாலி சட்டென்று எழுந்து கதவுப் பக்கம் போனாள். மணிமாறனும் முந்தானையை விடாமல் பின்னாலேயே போய், அவளை இழுத்து வந்து உட்காரவைத்தான்.

"பாத்தியா, ஒரு நிமிசம் என்னை உட மாட்டான்" என்றாள்.

தட்டில் இட்லி இருந்தது. அவள் ஒரு வாய் எடுத்து நீட்ட, அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நான் ஒரு வாய் துன்னாத்தான் அவன் துன்னுவான். மாத்திரயும் அப்டித்தான். பேஜாரு புடிச்ச புள்ள."

அவள் தின்றாள். பிறகுதான் அவன் வாயைத் திறந்தான். ஜெசிந்தாவுக்கு மனசு கஷ்டமாக இருந்தது. இவ்வளவு பெரிய ஆளை இந்த அம்மா இன்னும் எத்தனை நாளைக்குக் கட்டி மேய்ப்பாள்?

விதிப்படி அவனிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

"அண்ணா, அம்மா உங்கள நல்லா பாத்துக்கறாங்களா?"

மணிமாறன் தலையை மட்டும் ஆட்டினான். கடைசிக் கேள்விக்கு வந்ததும் ஜெசிந்தா தயங்கினாள்.

"இனிமே முடியலன்னா சொல்லுங்கம்மா. ஒரு இல்லத்துல சேக்கச் சொல்லி எழுதறேன்."

பாஞ்சாலி மகனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "வாணாம்மா. என் உசுரு இருக்கிற வரைக்கும் நானே பாத்துக்கறேன். எங்களப் பிரிச்சிடாதீங்க."

ஜெசிந்தா அதை அப்படியே எழுதிக்கொண்டாள். மனசு ஒப்பவே இல்லை.

வாசலில் செருப்பை மாட்டும்போது மணிமாறன் வெளியே வந்து, கதவை வெளிப்பக்கமாகத் தாழிட்டான். அவள் பயந்து இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

"மேடம்" என்றான் தணிந்த குரலில். "அம்மாவுக்கு மறதி நோய் வந்து மூணு வருசம் ஆவுது. எனக்குத்தான் ஒடம்பு சரியில்லன்னு நெனச்சாத்தான் அதுக்குச் சோறும் மாத்திரையும் உள்ள போவுது. நீங்க எழுதினதுல பதில் எதையும் மாத்த வாணாம், பேரை மட்டும் இடம் மாத்திப் போட்டுக்கோங்க. கடைசியா அது சொல்லிச்சே, அதுவும் என் பதில்தான்."