செடியில் கட்டிய ஈயத் தகடு

இருந்தவர்கள் ஐந்து பேர். பிரஜாவுரிமை விசாரணைக்கு வந்த ஐயா. அவர் சிங்களத்தில் கேட்டதைத் தமிழில் சொன்ன கணக்கப்பிள்ளை முத்துலிங்கம். பங்களாத் தோட்டக்காரர் அழகன். அவர் மனைவி சண்முகவடிவு. நான்.

நான் அங்கே இருக்க வேண்டியவன் இல்லை. தேயிலை அரைக்கும் ஸ்டோரில் ராத்திரி வேலை முடிந்து லயத்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அழகன் வழிமறித்துக் கையைப் பிடித்தார்.

"நீங்களும் வாங்க தம்பி. படிச்சவரு ஒருத்தர் பக்கத்துல நிக்கட்டும்."

எட்டாம் வகுப்போடு ஹட்டன் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லயத்தில் அதற்குப் பேர் படிப்பு.

ஐயாவுக்கு வேண்டியது ஒன்றுதான். முப்பத்தொன்பதாம் வருடத்துக்கு முன்பிருந்தே அழகன் இந்த நாட்டில் இருந்தார் என்பதற்கு ஒரு எழுத்து. ஆள் சாட்சி போதாது. பங்களா ஆட்களின் பேர் எங்கள் தோட்டத்துச் செக்ரோலில், ஆள் பேர்ப் பதிவில், ஏறுவதில்லை. எழுத்து இல்லையென்றால் மனு தள்ளுபடி. அழகனும் சண்முகவடிவும் எந்த நாட்டுக்கும் ஆளில்லை.

அழகனிடம் எழுத்து இருந்தது. பங்களா வாசலில், துரைசானி செடியில்.

பழைய துரையின் மனைவி சீமையிலிருந்து கப்பலில் கொண்டுவந்த செடி அது. வருடம் முழுக்க இலை உதிராது. நடுவில் பச்சை, ஓரமெல்லாம் வெள்ளை. அடியிலிருந்து அவ்வப்போது முழுப்பச்சைக் கொப்பு கிளம்பும். அதற்கு வேகம் அதிகம். விட்டால் வெள்ளையை அமுக்கிவிட்டுச் செடி மொத்தமும் பச்சையாகிவிடும். அழகன் அதை விட்டதில்லை. துரைசானி சீமைக்குப் போய் ஆறு வருடமாகியும், அவர் சொன்ன முழங்கால் உயரத்திலேயே செடியை வைத்திருந்தார்.

நட்ட அன்றைக்குத் துரைசானி ஒரு ஈயத் தகட்டில் இங்கிலீசில் எழுத்து அடித்து, செம்புக் கம்பியால் செடியில் கட்டினார். நட்ட வருடமும் நட்டவர் பேரும். இரண்டு வருடத்துக்கு முன்னால், மனுப் போட்ட சமயத்தில், அதை அழகனுக்குப் படித்துச் சொன்னவன் நான்.

ஐயா செடியைப் பார்த்துச் சிரித்துவிட்டு என்னவோ சொன்னார்.

"செடிக்கு வயசு கேக்கிறாரு. நேத்து வச்சதைக் காட்டி ஏமாத்துறியாங்கிறாரு" என்றார் கணக்கப்பிள்ளை.

"நீங்க சொல்லுங்கய்யா, கொப்பைக் கழிச்சுக் கவ்வாத்து வெட்டுற கட்டை என்னைக்கு ஒசந்துச்சு?" என்றார் அழகன்.

கணக்கப்பிள்ளை அதைச் சிங்களத்தில் சொல்லவில்லை. அழகன் உட்கார்ந்து கத்தியால் மண்ணைத் தோண்டினார். வேர் அறுந்தது. அவர் பார்க்கவில்லை.

அடிமரம் என் தொடை மொத்தம் இருந்தது. கம்பி பட்டைக்குள் புதைந்து, அதன்மேல் பட்டை மூடி வளர்ந்திருந்தது.

ஐயா குனிந்து அதைத் தடவினார். தலையாட்டினார்.

சண்முகவடிவு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இருமுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஐயா தகட்டைத் திருப்பித் துடைத்துப் படித்தார். முதல் வரி, ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்துநாலு. அடுத்த வரியில் நின்றார்.

"ராமசாமி யாருன்னு கேக்கிறாரு."

அழகன் என்னைப் பார்த்தார்.

துரைசானிக்கு எந்தத் தோட்டக்காரனும் ராமசாமிதான். முன்பு இருந்தவரும் ராமசாமி. அழகன் பதின்மூன்று வருடம் அந்தப் பேருக்கு ஓடிப்போய் நின்றவர்.

"நாந்தாங்கய்யா அது. அம்மா என்னைய அப்படித்தான் கூப்பிடுவாங்க."

ஐயா மனுவைப் பார்த்தார். அதில் அழகன் என்று இருந்தது. பைலை மூடிக்கொண்டு ஜீப்புக்கு நடந்தார். கணக்கப்பிள்ளை பின்னால் போனார்.

அழகன் மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார். அடியில் ஒரு பச்சைத் துளிர் கண்ணில் பட்டது. அதைக் கிள்ளிப் போட்டுவிட்டுத்தான் மூடினார்.

"தகட்டைப் படிச்ச அன்னைக்கு நீங்க ராத்திரியெல்லாம் முழிச்ச கண்ணு, தம்பி. நல்லா வெளிச்சம் வந்தப்புறம் காட்டியிருக்கணும். பிசகு எம்மேலதான்."

அன்றைக்கு வெயில் நன்றாக வந்திருந்தது. புருஷனும் பெண்சாதியும் தகட்டைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டு, என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகத் தெரிந்தது. உங்கள் பேர் இல்லை என்று சொன்னால் ஏன், எப்படி என்று கேட்பார்கள். எனக்குத் தூங்க வேண்டும்.

"ஆமாண்ணே, உங்க பேருதான்" என்றேன்.

துரைசானி அப்போது சீமையில் உயிரோடு இருந்தார். கேட்டிருந்தால் ராமசாமி என்பது அழகன்தான் என்று ஒரு கடிதம் எழுதித் தந்திருப்பார். அவர் இறந்த சேதி போன வருடம்தான் வந்தது.

இதில் எதையும் நான் அழகனிடம் சொல்லவில்லை. போய்ப் படுத்தேன். தூக்கமும் வந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கு வேலைக்குப் போனேன். தேயிலைத் தூள் களவு போகாமலிருக்க, ராத்திரி ஆட்களை உள்ளே விட்டு வெளியே பூட்டுவது ஸ்டோர் வழக்கம். கடைசியாக நுழைந்தவன் நான். காவல்காரர் பதிவு எழுத என் பேரைக் கேட்டார். சொன்னேன். எனக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்.